வயர் இருபது ரூபாய்தான். எந்த வயர்?

நான் கார் மெக்கானிக். என் கடையில் வண்டியைச் சரிசெய்துகொண்டு போன அண்ணாச்சி ஒருவர் பேசி அனுப்பிய அந்த ஆடியோவை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். திங்கள்சந்தையில் தொடங்கி மார்த்தாண்டம் வரைக்கும் ஒரு குரூப் விடாமல் சுற்றி, கடைசியில் என் மச்சான் மூலமாக எனக்கே வந்து சேர்ந்தது. "ஒரு வயரை ஒட்டினதுக்கு ஆயிரத்தி எண்ணூறு ரூவா வாங்கிட்டான் மக்கா. கடைல அந்த வயர் இருவது ரூவா." என் பெயரை மட்டும் சொல்லவில்லை. பெருந்தன்மை. பெட்ரோல் பங்க்கில் இருந்து எத்தனையாவது கடை, எதிரே என்ன கோயில் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டு, பெயரை விட்டுவிட்டார். நானும் அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. வண்டியின் நிறத்தைக்கூடச் சொல்ல மாட்டேன்.

ஆமாம், வயர் இருபது ரூபாய்தான். மறுக்கவில்லை. ஆனால் எந்த வயர் என்று தெரிந்திருந்தால் அண்ணாச்சி என் கடைக்கு ஏன் வரவேண்டும்?

வண்டி என்னிடம் வந்த நிலைமையை ஆடியோவில் அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆயில் பிரஷர் குறைந்தால் எரிய வேண்டிய ஆயில் லைட் மீட்டர் போர்டில் வருகிறது, போகிறது. மழை பெய்த காலையில் கட்டாயம் வருகிறது. ஓரிடத்தில் அந்தப் பிரஷரை அளக்கும் சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரம் ஒழுங்காக இருந்து திரும்ப வந்தது. இன்னோரிடத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். திரும்ப வந்தது. "இனி ஆயில் பம்ப்தான், எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை என்னிடம் காட்டும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். மாற்ற வேண்டாத சென்சாருக்கும் மாற்ற வேண்டாத ஆயிலுக்கும் அவர் கொடுத்த காசு என் கூலியைப் போல மூன்று மடங்கு இருக்கும். அதற்கெல்லாம் ஆடியோ வரவில்லை.

சரி, நான் என்ன செய்தேன்?

முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் அளவு சரி. அடுத்து அந்தப் புதுச் சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் பிரஷரை முள்ளால் காட்டும் மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். இதற்குக் கரண்டும் வேண்டாம், வயரும் வேண்டாம். ஆயிலே நேராக வந்து முள்ளைத் தள்ளும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், பிரஷர் 1.5 பார், 3000 ஆர்பிஎம்மில் 4 பாரை ஒட்டி நின்றது. இதைவிட ஆரோக்கியமான பம்ப் எனக்கே வேண்டும். இறக்க வேண்டிய எஞ்சின் அங்கேயே தப்பித்தது. அந்த ஒரு முள்ளைப் பார்த்ததில் மிச்சமான காசு எவ்வளவு என்று அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவரே கணக்குப் போடட்டும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு நம்பரைப் படிக்கிற ஸ்கேனரில் வந்தது பி0522. ஆயில் பிரஷர் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைகிறது என்று அது சொல்கிறது. ஆயில் பிரஷர் குறைகிறது என்று சொல்லவில்லை, சென்சார் செத்துவிட்டது என்றும் சொல்லவில்லை. ஸ்கேனர் தெருப் பெயரைத்தான் சொல்லும், வீட்டை நாம்தான் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மாதிரி சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் இசியூவில், அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டரில் இருந்து 5 வோல்ட் வரும். ஒன்று எர்த். மூன்றாவது வயர் வழியாகத்தான் சென்சார் தன் கணக்கைத் திருப்பி அனுப்பும். பெரும்பாலும் பிரஷர் இல்லாதபோது அரை வோல்ட், ஏற ஏற நாலரை வோல்ட் வரைக்கும் போகும். 5 வோல்ட் ஒழுங்காக வந்தது. எர்த்தும் சுத்தம். எஞ்சினை ஓடவிட்டு மூன்றாவது வயரை சென்சார் பக்கம் அளந்தேன், ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே. அதே வயரை இசியூ பக்கம் அளந்தேன், கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே வயர், ஒரு முனையில் இருக்கிறது, மறு முனையில் இல்லை. அப்படியென்றால் கோளாறு வயருக்குள்ளேதான் எங்கேயோ இருக்கிறது. இவ்வளவு தெரிய வந்தபோதே மத்தியானம் ஆகிவிட்டது. கூலி என்று நான் சொல்வது இதற்குத்தான்.

மீதி இன்னும் கஷ்டம். அந்த வயர் மற்ற வயர்களோடு கட்டாகச் சேர்ந்து, டேப் சுற்றி, பேட்டரி தட்டுக்குப் பின்னால் வளைந்து போகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வோல்ட் மீட்டரைக் கடைப் பையன் பார்த்துக்கொண்டிருக்க, நான் கட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வந்தேன். பேட்டரி தட்டுக்குப் பின்னால் வந்ததும் "அண்ணே, குதிக்கு" என்றான். டேப்பைப் பிரித்தால் வெளியே பார்வைக்கு ஒன்றுமே இல்லை. வளைத்துப் பார்த்தபோதுதான் விரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் மொறமொறவென்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். உறையில் ஒரு ஊசித் துளை.

எப்போதோ எவரோ டெஸ்ட் லாம்பின் ஊசியால் வயரைக் குத்திக் கரண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, துளையை அடைக்காமல் போயிருக்கிறார்கள். உறையைச் சீவினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புதான் இருந்தது. இழைகள் எல்லாம் பொடியாகி, ஒன்றோ இரண்டோதான் தொட்டும் தொடாமலும் நின்றன. நின்ற வண்டியில் மீட்டரை வைத்தால் இது "பீப்" என்று நல்லபடியாக ஒலிக்கும். வயர் நன்றாக இருக்கிறது என்று நம்பி அடுத்தவன் சென்சாரை மாற்றுவான். எஞ்சின் அதிர்ந்தால் விட்டுவிடும், ஈரம் ஏறினால் விட்டுவிடும். அண்ணாச்சியின் வீடு முட்டத்தில், கடலில் இருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே உப்பில் உரிந்து தொங்குகிற இடத்தில் செம்பு இழை எத்தனை நாள் தாங்கும்? நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. 2017இல் ஒக்கி அடித்த பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகளின் கனெக்டர்களைத் திறந்து பார்த்த எவருக்கும் இந்தப் பச்சையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பளபளவென்று செம்பு தெரியும் வரைக்கும் இரண்டு பக்கமும் வெட்டி, துண்டு வயர் வைத்து, சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, டேப் சுற்றிக் கட்டினேன். அந்தத் துண்டு வயர் இருபது ரூபாய்கூட இராது, சும்மா கிடந்தது. சந்தோஷமா?

"ஸ்கேனர் மாட்டினா நிமிஷத்துல தெரியுமே" என்று அந்த ஆடியோவுக்குக் கீழே ஒருவர் ஞானம் வழங்கியிருக்கிறார். அண்ணே, முந்தைய இரண்டு இடத்திலும் ஸ்கேனர் மாட்டினார்கள். இதே நம்பர்தான் வந்தது. "முன்னாடியே கூலியைச் சொல்லியிருக்கலாமே" என்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்வி. சொன்னேன். பார்க்கக் கூலி தனி, எடுக்கிற நேரத்தைப் பொறுத்தது, இரண்டாயிரத்துக்குள் வரும் என்று சொன்னேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். மெக்கானிக்கெல்லாம் திருட்டுப்பயலுக என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. சிலர் அப்படித்தான், எனக்கே தெரியும். கடைக்கு வெளியே விலைப்பட்டியல் எழுதி வைக்கச் சொன்ன தம்பிக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஊசித் துளை தேட ரேட் எவ்வளவு போடலாம் என்று நீயே எழுதிக் கொடு, நல்ல பெயின்டராகப் பார்த்து எழுதி மாட்டுகிறேன்.

உண்மை என்ன தெரியுமா? நான் இன்னொரு புதுச் சென்சாரை அட்டைப் பெட்டியோடு அவர் கையில் காட்டி, மாட்டி, மூவாயிரம் ரூபாய்க்கு பில் போட்டு, வயரை மூச்சுக் காட்டாமல் ஒட்டிக் கொடுத்திருந்தால் "நல்ல பையன், நாணயமானவன்" என்று ஆடியோ வந்திருக்கும். பெட்டியில் வருகிற பொருளுக்குக் காசு எண்ணும்போது நமக்கு வலிப்பதில்லை. ஒருத்தன் யோசித்ததற்குக் கொடுக்கச் சொன்னால் வயிறு எரிகிறது.

என் சித்தப்பா வடசேரி ஸ்டாண்டில் டாக்சி ஓட்டியவர். பழைய டீசல் வண்டி. அதில் சென்சார் கிடையாது, ஒற்றை வயர் சுவிட்ச்தான். எஞ்சின் ஓடாதபோது லைட்டை எரியவிடும், ஸ்டார்ட் ஆகி அரை பார் அளவுக்குப் பிரஷர் வருவதற்குள் அணைத்துவிடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வண்டி சூடானால் ஐடிலில் லைட் மினுக்க ஆரம்பித்தது. சுவிட்சை மாற்றினார்கள். நிற்கவில்லை. கேஜ் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்ன ஆளை "அதுக்கு வேற காசா" என்று சித்தப்பாவே விரட்டிவிட்டார். கடைசியில் ஒரு புத்திசாலி வயரையே பிடுங்கிவிட்டான். லைட் அணைந்தது, எல்லாருக்கும் நிம்மதி. ஒரு கல்யாண ஓட்டத்துக்குத் திருநெல்வேலி போகும் வழியில், ஆரல்வாய்மொழி தாண்டும்போது எஞ்சின் தட்ட ஆரம்பித்து, காற்றாலைகளுக்கு நடுவே வண்டி நின்றது. பேரிங் தேய்ந்து நிஜமாகவே பிரஷர் போயிருந்தது. கிராங்க் ஷாஃப்ட் காலி. சித்தியின் வளையல் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பவே இல்லை. பொண்ணு வீட்டார் பாவம், பஸ் பிடித்துப் போனார்கள். அந்த லைட் சொன்னது உண்மை, அண்ணாச்சியின் லைட் சொன்னது பொய். இரண்டுமே ஒரே சிவப்பாகத்தான் எரியும். எது எதுவென்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

எனக்குக் காசு பிரச்சினை இல்லை. "திருவனந்தபுரம் கொண்டு போயிருந்தா ஏசி ரூம்ல உக்காந்து காபி குடிச்சிட்டு வந்திருக்கலாம், இவன் கிட்ட போய் மாட்டினேனே" என்றாரே, அதுதான் போய்க் குத்தியது. தாராளமாகப் போங்கள். களியக்காவிளை தாண்டினால் அதே வேலைக்கு மணிக்கணக்கு போட்டு, வரியும் சேர்த்து, பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்கள், நீங்களும் கார்டைத் தேய்த்துவிட்டு தேங்க்ஸ் சொல்லி வருவீர்கள். நான் கோணம் ஐடிஐயில் படித்தவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் மகன் பெங்களூரில் பிழை தேடினால் அது இன்ஜினியரிங், மாசச் சம்பளம். பானெட்டுக்குள் தலையை விட்டு நான் பிழை தேடினால் கம்பி ஒட்டுகிறவன். "கம்பி ஒட்டுறவன்." அந்த வார்த்தையை ஆடியோவில் என் கடைப் பையன்களும் கேட்டார்கள். மீட்டரைப் பார்த்து "குதிக்கு" என்று சொன்னானே, அந்தப் பையன் அன்று சாயங்காலம் என்னிடம் துபாய்க்கு விசா எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டான். என்ன சொல்வது?

அப்புறம், லைட் இதுவரைக்கும் திரும்ப வரவில்லை. இதையும் ஆடியோவில் காணோம்.

முதலில் கழற்றிப் போட்ட பழைய சென்சார் டிக்கியில் உருண்டுகொண்டிருந்தது. எடுத்து வைத்து, 5 வோல்ட் கொடுத்து, கம்ப்ரஸர் காற்றைப் பிடித்துப் பார்த்தேன். வோல்டேஜ் அழகாக ஏறுகிறது, அழகாக இறங்குகிறது. ஒரு குறையும் இல்லை. என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, அண்ணாச்சி வந்து வாங்கிக்கொள்ளலாம். காலை ஒன்பதரைக்கு மேல் வாருங்கள், ஞாயிறு லீவு. சோதித்ததற்குக் கூலி எழுதவில்லை.