பாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?

போன வாரம் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் பார்த்தேன். பெயர் 'ஆல்-அமெரிக்கன் கேர்ள்'. 1994 செப்டம்பரில் ஏபிசி அலைவரிசையில் தொடங்கி, 19 பகுதிகளோடு அடுத்த ஆண்டே நின்றுபோனது. சான் பிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை நடத்தும் ஒரு கொரியக் குடும்பத்தின் கதை. மகளாக நடித்த மேடை நகைச்சுவைக் கலைஞர் மார்கரெட் சோவின் சொந்தப் பெற்றோரும் அதே ஊரில் புத்தகக் கடை வைத்திருந்தவர்கள்தான்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, அதாவது பட்டை சீவிப் பாலெடுத்து, எங்களை வளர்த்தவர். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் பாட்டியாக வரும் ஏமி ஹில் வாயைத் திறந்தாலே சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா, இவங்கெல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி தெரியலையே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குடும்பத்தில் கொரிய வம்சாவளி நடிகர் சோ ஒருவர்தான். அப்பாவாக வந்த கிளைட் குசாட்சு ஜப்பானிய வம்சாவளி, அண்ணனாக வந்த பி.டி. வோங் சீன வம்சாவளி. ஆசியத்தனம் போதவில்லை என்று சோவுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஆள் வைத்தார்கள். முகம் உருண்டையாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய 14 கிலோ குறைத்துச் சிறுநீரகம் பழுதாகும் நிலைக்குப் போனதைப் பிறகு அவரே மேடையில் சொன்னார். தன்னையே ஒட்டி எழுதிய வேடத்துக்குத் தானே பொருந்தவில்லை என்று கேட்க நேர்ந்த அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

கடைசிப் பகுதியில் குடும்பத்தையே ஓரங்கட்டிவிட்டு, மகளை வேறு இளைஞர்களோடு குடிவைத்தார்கள். அடுத்து ஓர் ஆசியக் குடும்பத்தை நடுவில் வைத்து, 'ஃப்ரெஷ் ஆஃப் தி போட்' என்ற தொடரை அதே அலைவரிசை கொண்டுவந்தது 2015இல். இருபது ஆண்டு! ஒரு வீட்டைச் சரியாக எழுதத் தெரியாதவர்களின் தவறுக்கு எத்தனை வீடுகள் காத்திருந்தன?

மலேசியத் தோட்டத் தமிழரான நம் கதையும் இப்படித்தான் கெடுகிறது. தோட்டத்து ஆள் என்றால் ஒரு தள்ளாட்டம், ஓர் அழுகை. அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது. என் பாட்டியை எழுதச் சொல்லுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடியவர். மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்க 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாட்டி மாதம் 10 வெள்ளி கட்டி, அந்தக் கணக்குப் புத்தகத்தை மைலோ டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். தாத்தாவுக்குக்கூடக் காட்டவில்லை. மளிகைக்கடைச் சீன முதலாளியான தவுக்கேயிடம் பாட்டி பேசுவது மலாய், அவர் பதிலுக்குப் பேசுவது தமிழ், கணக்கில் மட்டும் இருவருக்கும் ஒத்தே போகாது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தைவிட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்தோம். முதல் நாளே வாசல் சிமெண்டைக் கொத்தி முருங்கைக் குச்சி நட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் சண்டைக்கு வந்தார். ஆறு மாதத்தில் அதே மரத்துக் கீரைக்கு அவரே முதல் ஆளாக நின்றார்.

இதில் எதையும் வெளியூர்க்காரர் யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கதை விலைபோகாது என்று சொல்லும் தயாரிப்பாளர்கள், லயத்தில் வளர்ந்த ஒருவரை எழுத்தாளராக உட்காரவைத்துப் பார்க்கட்டும். முதல் தொடர் சரியாக வராமல் போனால் இரண்டாவதும் கொடுக்கட்டும்.

அம்மா நேற்றும் கேட்டார்: "அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?" தொடர் அதோடு முடிந்துவிட்டது என்றேன். அதற்குள்ளேயா என்றார்.