விக்டோரியா ஹால் வெள்ளைக்காரன் வீட்டுச் சொத்து இல்லை

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருக்கிற பழைய விக்டோரியா பப்ளிக் ஹாலை மாநகராட்சி புதுப்பிக்கிற செலவைத் திட்டி வந்த அந்தப் பதிவை நேற்று முழுக்க ஆளாளுக்குப் பகிர்ந்து தள்ளிவிட்டீர்கள். லிங்க் போட மாட்டேன், என் பங்குக்கு நானும் நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பானேன். "வெள்ளைக்காரன் கட்டி, வெள்ளைக்காரன் ஆடின இடத்துக்கு நம்ம வரிப்பணம் 32 கோடியா?" இதற்கு என் நட்பு வட்டத்திலேயே யார் யார் ஹார்ட் விட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். சந்தோஷம்.

பொறுமையாகவே சொல்கிறேன். ராணியின் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். 1883ல் அடிக்கல் நாட்டியது விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு (ஹம்பி இல்லை, ஆந்திராவில் இருக்கிற விஜயநகரம்). பணம் கொடுத்தவர்களில் திருவிதாங்கூர், மைசூர், புதுக்கோட்டை அரசர்கள் உண்டு. வரைபடம் போட்ட சிஷோம் வெள்ளைக்காரர், ஒத்துக்கொள்கிறேன். கட்டி எழுப்பியது நம்பெருமாள் செட்டியார். ஹைகோர்ட்டையும் கட்டியவர் அவர்தான். அங்கே கேஸ் நடத்தப் போகும்போது யாரும் "வெள்ளைக்காரன் கட்டடம்" என்று வாசலோடு திரும்பி வருவதில்லையே? அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால் தலையைத் தூக்கி அந்தக் கோபுரத்தின் கூரையைப் பாருங்கள். கேரளத்துக் கூரை, ஐயா. லண்டனில் தேடினாலும் கிடைக்காது.

ஆடினது யார்? அதுதான் எனக்கு வயிறெரிகிறது. 1891ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதைப் பார்த்த 18 வயதுப் பையன் ஒருவன், தமிழில் நாம் ஏன் இப்படிப் போடக்கூடாது என்று அதே வருஷம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினான். பம்மல் சம்பந்த முதலியார். பிற்பாடு வக்கீல், நீதிபதி, 90க்கு மேல் நாடகங்கள். அந்தச் சபை வருஷக்கணக்கில் நாடகம் போட்ட மேடை இந்த ஹால். கீழே ஒரு கூடம், மாடியில் ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம், மரத்தில் ஒரு கேலரி வேறு. சென்னையில் சினிமா என்ற ஒன்றை ஜனங்கள் முதன்முதலில் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆடினதா?

"சபா நாடகம் படித்த மேட்டுக்குடிக்காரன் விளையாட்டு, ஊர் ஊராகப் போய் விடிய விடிய நடித்தவனுக்கு அங்கே இடம் இருந்ததா" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இருந்திருக்காது. ஆனால் நடிக்கிறவனைக் கூத்தாடி என்று ஒதுக்கிய காலத்தில் ஒரு வக்கீல் வேஷம் கட்டி நின்றதும், இன்னொரு வக்கீல் ரங்கவடிவேலு புடவை கட்டிப் பெண் வேஷம் போட்டதும் சின்ன விஷயமா? எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை சாயங்காலத்தில் என்ன செய்கிறார்" என்று கேட்டார்கள். நாடக ஒத்திகைக்குப் போகிறான் என்று அம்மா சொன்னதும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் திரும்பி வெளியே வரவில்லை. இது 1891 இல்லை, போன தலைமுறைகூட இல்லை. அதனால் அந்தத் தோழருக்கு இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அந்தக் காசுக்கு வடிகால் கட்டலாமே." கட்டுங்களேன், யார் வேண்டாம் என்றது? இத்தனை வருஷம் இந்த ஹால் பூட்டிக் கிடந்ததே, அப்போதெல்லாம் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்காமல் இருந்ததா? கல்யாண மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு கொடுக்கிறோம் என்று யாரும் பதிவு போடுவதில்லை. நாடகக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு பூசினால் மட்டும் எல்லோருக்கும் வரிப்பணம் ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் குழுவுக்கு ஒரு ஹாலில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஹால் என்று கேட்காதீர்கள். முன்பணம் கட்டி, ரசீது வாங்கி, நோட்டீஸும் அடித்தாயிற்று. அன்றைக்குப் போனால் பிறந்தநாள் விழாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் பெயின்ட் அடித்துக் கொண்டுபோன பிளைவுட் கதவு பிளாட்பாரத்தில் சாய்ந்து நிற்க, பக்கத்திலேயே பலூன் வளைவை உள்ளே தூக்கிப் போனார்கள். மேனேஜர் சொன்னார்: "நாடகம்தானே சார், இன்னொரு நாள் போட்டுக்கலாம்."

நாடகம்தானே!

அதனால் என் பயம் அந்தப் பதிவு போட்ட தம்பியைப் பற்றியதுகூட இல்லை. அவர் அடுத்த வாரம் வேறு எதற்காவது கொதிப்பார். செங்கல்லைச் சுத்தம் பண்ணி, விளக்குப் போட்டு, வாசலில் செல்ஃபி எடுக்க விட்டுவிட்டு, மேடையை மட்டும் ரிசப்ஷனுக்கும் கம்பெனி விழாவுக்கும் கொடுத்துவிட்டால்? கண்ணாடிப் பெட்டிக்குள் பம்மலின் போட்டோ, மேலே டிஜே. அதற்கு அது பூட்டியே கிடந்திருக்கலாம். இப்படிச் சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

மாநகராட்சியில் வேலை செய்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், நாடகக் குழுக்களுக்குத் தனி வாடகை உண்டா, மாதத்தில் எத்தனை நாள் மேடை நாடகத்துக்கு என்று கேட்டுச் சொல்லுங்கள். தெருக்கூத்துக்காரர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். "வெள்ளைக்காரன் கட்டடம்" என்று கமெண்டில் ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை, பிளாக் செய்துவிடுவேன்.