காரைப் பராமரிக்காமல் மாடலைத் திட்டுகிறவர்களுக்கு

பதினெட்டு வளைவு மலைப்பாதையில் குடும்பத்தோடு நின்றுபோன அந்த டொயோட்டா அலியன் 260 காரின் காணொளியை இந்த வாரம் மட்டக்களப்பில் பார்க்காதவர்கள் குறைவு. காணொளியைப் போட்ட தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனைவி பிள்ளைகளோடு நடுவழியில் நிற்கிற எவரும் ஆத்திரத்தில் எதையும் பேசுவார்கள். அதன் கீழே வந்து, "260 எடுத்தால் தலையில் துண்டுதான்", "240 தான் கார், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தகரம்" என்று, அலியனின் முந்தைய மாதிரியான 240 ஐத் தூக்கிப் பிடித்துத் தீர்ப்பு எழுதியவர்களின் மேல்தான் என் கோபம். அதைவிட, அந்தக் காரைக் கழற்றிப் பார்த்த ஒரே மனிதர் மூன்று வரியில் உண்மையை எழுதியபோது அவரை எப்படியெல்லாம் பேசினீர்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கல்லடியில் கராஜ் வைத்திருக்கும் அந்த அண்ணன் எழுதியது இவ்வளவுதான்: கியர் பெட்டியிலிருந்து வடித்த ஒயில் கறுத்துக் கருகிய மணத்தோடு இருந்தது, கார் கைமாறியதிலிருந்து எஞ்சின் ஒயிலைத் தவிர வேறொன்றும் மாற்றப்படவில்லை, ஆகவே மாடலைக் குறை சொல்ல வேண்டாம். இதில் எந்தச் சொல் உங்களைச் சுட்டது?

260 இல் இருப்பது சிவிடி வகைக் கியர் பெட்டி. அதற்குள் பழைய கார்களில் உள்ளதுபோலப் படிப்படியான கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது; ஒயிலின் அழுத்தத்தால் கப்பிகள் அந்தப் பட்டியை இறுக்கிப் பிடித்தே சில்லுகளுக்கு விசையைக் கடத்துகின்றன. அந்த ஒயில் அதற்கென்றே செய்யப்பட்டது. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை அதற்குள் ஊற்றக் கூடாது. பழையதாகிச் சத்து இழந்த ஒயிலோடு ஓடவும் விடக் கூடாது. மகியங்கனையைத் தாண்டி உன்னஸ்கிரிய நோக்கி ஏறும் அந்த வளைவுகளில், ஐந்து பேரையும் பொதிகளையும் சுமந்துகொண்டு, குளிரூட்டியும் ஓட, மெதுவான வேகத்தில் தொடர்ந்து ஏறும்போது கியர் ஒயில் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல ஒயிலுக்கே அது சோதனை. கருகிய ஒயில் என்ன செய்யும்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். பழைய காரின் நம்பகத்தன்மை, முன்பு அதை வைத்திருந்தவரின் கையில் இருக்கிறது. மாடலின் பெயரில் இல்லை.

நான் ஓட்டுவது 240. எனவே அதைப் புகழ்கிறவர்களோடு சேர்ந்து கைதட்டுவது எனக்கு இலகு. அப்படிச் செய்ய மனம் வரவில்லை. என் காரை நான் களுவாஞ்சிக்குடியில் ஓர் ஆசிரியரிடம் வாங்கினேன். விலை பேசுவதற்கு முன்னரே அவர் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில், எந்த ஒயில், எந்த வடிகட்டி, எந்தப் பிறேக் பட்டை என்று எல்லாம் பேனாவால் எழுதியிருந்தார். கூலண்ட் குறைந்தால் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் தன் மகனுக்காக எழுதி வைத்திருந்தார். நான் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் காரை வாங்கினேன். இன்றைக்கும் அதே கொப்பியில்தான் எழுதுகிறேன். முன்சில்லுப் பக்கத்து றப்பர் புஷ்களும் எஞ்சின் மவுண்டும் தேய்ந்து மாற்றினேன். கல்லடியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருப்பதால் உப்புக்காற்று குளிரூட்டியின் கண்டென்சரைத் தின்றுவிட்டது, அதையும் மாற்றினேன். இவை எல்லாம் வயதுக்கும் இந்த மண்ணுக்கும் உரிய செலவுகள். எஞ்சினை இதுவரை திறக்க வேண்டி வரவில்லை.

அதே 240 காரை, அதே 1.5 லீற்றர் எஞ்சினோடு வைத்திருந்த என் உறவினர் ஒருவரின் கதை வேறு. டைமிங் பெல்ற் இல்லை, சங்கிலிதான், ஆயுள் முழுக்கப் பார்க்கத் தேவையில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, எஞ்சின் ஒயிலையும் ஆயுள் முழுக்கப் பார்க்காமல் விட்டார். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகமும், வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பும் ஒயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. ஒயில் கட்டிபட்டதும் காலையில் எஞ்சினைத் தொடங்கும்போதே சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. அந்தக் காரையும் 240 என்றுதானே சொல்ல வேண்டும்?

"அப்படியானால் எந்த மாடலிலும் பிழையே இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. டொயோட்டாவின் ஆரம்பகால 1.8 லீற்றர் 1இசட்இசட் எஞ்சின்கள் ஒயிலைக் குடித்தன என்பது உலகம் அறிந்த விடயம். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் பிரச்சினை அதைவிடப் பாரதூரமானது: வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த பிறகு அவற்றின் உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து, விரியும் நேரத்தில் உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்கள் போயிருக்கின்றன, அந்த நிறுவனமே 2017 இல் வங்குரோத்தானது. கொரோலாவின் சில ஆண்டு மாதிரிகளும் அந்தக் காற்றுப்பைகளை மாற்றுவதற்கான மீளழைப்பில் அடங்கும். வெப்பமும் ஈரமும் நமக்கு ஆண்டு முழுவதும் உண்டு. உங்கள் காரின் சேசி இலக்கத்தைக் கொண்டு இதைச் சரிபார்த்தவர்கள் எத்தனை பேர்? மாடலின் குறை என்றால் இதைப் பேசுங்கள். ஒயில் மாற்றாத கியர் பெட்டி மாடலின் குறை ஆகாது.

"சிவிடி ஒயிலை மாற்றத் தேவையில்லை என்று ஜப்பானில் சொல்கிறார்களே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சாதாரணப் பாவனைக்குச் சொன்னது கடினப் பாவனைக்குப் பொருந்தாது. நம் வெயிலில் பாரமேற்றி மலை ஏறுவது எந்தப் பாவனை என்பதற்கு விளக்கம் வேண்டுமா?

"உனக்குச் சம்பளம் வருகிறது, எங்களுக்குச் சேவிஸ் செய்யக் காசு எங்கே" என்ற கேள்விதான் என்னை நோகடித்தது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனிப்பட்ட பாவனைக்குக் கார்கள் நாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றேபோனது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்த விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. 2022 இல் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கார்கள் வீட்டு வாசலில் நின்றன. உதிரிப்பாகங்களின் விலையோ டொலரோடு ஏறியது. இந்தக் கிழட்டுக் கார்களைத்தான் நாம் லீசிங் கட்டி, நகையை அடகு வைத்து வாங்குகிறோம். அதனால்தான் சொல்கிறேன்: அவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவர் மாடலின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்கக் கூடாது. சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். கால்விரிப்புக்குக் கீழே கையை விடுங்கள், ஈரமும் துருவும் சொல்லும். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் இதைக்கூடப் பார்க்காமல் கார் வாங்குகிறோம். பிறகு மாடல் கூடாது என்கிறோம்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள் "புரோக்கரின் ஆள்" என்று எழுதிய அந்த அண்ணன்தான். புரோக்கரின் ஆள் என்றால், வாங்க வேண்டாம் என்று எத்தனையோ பேரை அவர் ஏன் திருப்பி அனுப்பினார்? "பள்ளிக்கூடம் முடிக்காதவர் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்" என்று எழுதியவர் பட்டதாரி. அவரது காரில் ஒருமுறை பிறேக் ஒயில் கசிந்தபோது, மழைக்குள் காருக்கு அடியில் படுத்துச் சரிசெய்து கொடுத்தது யார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் கறுப்புப் படிந்தவரின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கக் கூடாது என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நாற்பது விருப்பக்குறி வாங்கிய ஒரு கேலிக்காக, வாழ்க்கை முழுவதும் எஞ்சினோடு இருந்த ஒருவரை வாயடைக்கச் செய்துவிட்டீர்கள்.

அவர் அந்த மூன்று வரியையும் அழித்துவிட்டார். இனி முகநூலில் எதுவும் எழுதமாட்டேன் என்று நேற்று என்னிடம் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. கார் வாங்க யோசிப்பவர்கள், 240 ஆனாலும் 260 ஆனாலும், காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்னர் அவரிடம் கொண்டுபோங்கள். இப்போதும் பார்த்துச் சொல்கிறார், காசு கேட்பதில்லை. அவரைத் திட்டி எழுதியவர்கள் போனால், முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொனற்றைத் திறவுங்கள்.