அடித்தது சாரையை, பெயர் வைத்தது நல்லபாம்பு

கழியில் பாம்பு தொங்கும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் நகர் குழுவிலிருந்து எப்படியோ கிளம்பி, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் சித்தி மகனுக்குப் போய்ச் சேர்ந்து, "அக்கா, இது ஒங்க தோட்டமா?" என்று நேற்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஆமாம் தம்பி, எங்கள் தோட்டம்தான். பின்னால் தெரிகிற அவரைப் பந்தல் நான் கட்டியது. கழியில் தொங்குவது ஆறரை அடி இருக்கும். கீழே, "நல்லபாம்பு அடிக்கப்பட்டது. மக்கள் நிம்மதி" என்று எழுதியிருக்கிறார்கள்.

அது நல்லபாம்பு இல்லை. சாரை.

இதை வெள்ளிக்கிழமையே குழுவில் எழுதினேன். வரிசையாக விழுந்த கைதட்டல்களுக்கு நடுவில் ஒரே ஒருவர் பதில் போட்டார்: "எதுவா இருந்தா என்ன டீச்சர், பாம்பு பாம்புதான்." அந்த 'எதுவா இருந்தா என்ன'தான் நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு ரகரமும் றகரமும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எதுவாக இருந்தால் என்ன என்று யாரையும் விட்டதில்லை. இதையும் விடுவதாக இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. அரசலாற்றுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் நகரில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பல வருஷம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்து, ஆளுக்கு ஒன்றரை சென்ட் பிரித்துக்கொண்டு காய்கறி போடுகிறோம். போதும். மீதியைப் பல தடவை எழுதிவிட்டேன்.

இந்த வருஷ மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கே துளைத்தது? பனியையே காணோம். ஜனவரி 28க்கு மேட்டூரை மூடினால் வாய்க்கால் வறண்டு, மாசியில் பிள்ளைகள் அதில் பந்து விளையாடும். இந்த மாசியில் முழங்கால் தண்ணீர் ஓடியது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுக்கிற நிலையில் இருந்த சம்பாவைச் சாய்த்ததே, அந்த மழையின் தங்கச்சி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது.

நம்முடையது களிமண். ஒருநாள் தண்ணீர் நின்றால் கத்தரி வாடிப்போகும், மூன்றாம் நாள் வேர் அழுகிவிடும். மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டுவைத்ததால் என் கத்தரி பிழைத்தது. பக்கத்துப் பாத்தியில் கொத்தவரை மொத்தமும் போச்சு. பிறகு நத்தை வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு குட்டியிலிருந்து குழந்தையின் கைமுட்டி அளவு வரை. முளைக்கீரையை இரவோடு இரவாக முடித்துவிட்டுக் காலையில் கோடு மட்டும் விட்டுப்போகும். நத்தையைத் தேடிச் செம்போத்து வந்தது. சிவந்த கண்ணும் செங்கல் நிறச் சிறகுமாக, வீட்டுக்காரர் மாதிரி நிதானமாகப் பாத்தியில் நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். தேங்கிய குழியில் தலைப்பிரட்டை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் தவளைச் சத்தத்தில் எதிர்வீட்டு டிவி கேட்காது. (அதற்காகவே தவளைக்குக் கோயில் கட்டலாம்.) மடையான் இரண்டு, அசையாமல் நின்று தியானம் செய்தன. தவிட்டுக்குருவிக் கூட்டம் நாள் முழுக்கச் சண்டை. உயரமான கத்தரிச் செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துப் பஞ்சு திணித்திருக்கிறது. ஊசியும் இல்லாமல் நூலும் இல்லாமல் அது போட்டிருக்கிற தையலை நம்மால் போட முடியாது.

அப்புறம் எலி.

வயலில் தண்ணீர் நின்றால் வரப்பு எலியின் வளைக்குள் தண்ணீர் போய்விடும். மேடு தேடி வரும். இந்தப் பக்கத்தில் மேடு என்றால் எங்கள் பாத்திதான். சர்க்கரைவள்ளியைக் கீழேயிருந்து குடைந்து, மேலே கொடி மட்டும் பச்சையாக நிற்க வைத்து ஏமாற்றியது. கிட்டி வைக்கிற பெரியவரைக் கூட்டிவந்தேன். தஞ்சாவூர்க் கிட்டி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டுவது, மருந்து இல்லை, மின்சாரம் இல்லை, எலி வாயை வைத்தால் முடிந்தது. அவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பந்தல் காலடியிலிருந்து ஒரு பாம்புச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "சாரைம்மா. இங்க ஏற்கெனவே ஆள் வேல பாக்குது. என்னய எதுக்குக் கூப்ட்டீங்க?" கூலிகூட வாங்காமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் அந்தச் சாரையைத் தினமும் பார்த்தேன். காலை ஒன்பது மணி வெயிலுக்குப் பரங்கிக் கொடிப் பக்கம் வரும். என் காலடி அதிர்ந்தால் போதும், ஓடிவிடும். சாரை என்றாலே ஓட்டம்தானே! ஒதுங்க வழியில்லாமல் போனால் மட்டும் கழுத்தை உப்பவைத்துச் சீறும். அதைப் பார்த்துத்தான் படம் என்று நினைத்திருப்பார்கள். படம் இல்லை. பெரிய கண், ஒடுங்கிய தலை, உதட்டோரம் பேனாவில் கோடு போட்ட மாதிரி கறுப்புக் கீற்று. விஷம் கிடையாது. ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

என் அப்பா வைக்கோல் போரில் சாரை தெரிந்தால் சத்தம் போடாமல் வேறு பக்கம் வைக்கோல் பிடுங்குவார். "காவக்காரன் தூங்குறான்" என்பார். ஒருமுறை களத்து மேட்டில் இரண்டு சாரை முறுக்கிக்கொண்டு இடுப்புயரம் எழுந்து ஆடின. அப்பாயி ஓடிப்போய்ப் புது வேட்டி எடுத்துவந்து மேலே போடச் சொன்னாள். அந்த வேட்டி பல வருஷம் எங்கள் சாமி அலமாரியில் இருந்தது. சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் கூடுகின்றன என்பது அப்பாயியின் கணக்கு. உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் போடுகிற மல்யுத்தம். அப்பாயிக்கு விவரம் தப்பு. ஆனால் அவள் கையில் கழி இல்லை, வேட்டி இருந்தது. நம்மிடம் விவரம் தேட உள்ளங்கையில் போன் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்தோம்? பதினோரு படம் எடுத்தோம்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்.

"அந்த நேரத்துல சாரையா நாகமான்னு யாரு பாத்துக்கிட்டு இருப்பா?" பதினோரு படம் என்று சொன்னேனே. அதற்கு நேரம் இருந்தது.

"சாரை மாட்டு மடியில பால் குடிக்கும், வாலால அடிக்கும்." எந்தப் பாம்பும் பால் குடிக்காது. எங்கள் நகரில் மாடும் கிடையாது.

"குழந்தைங்க விளையாடுற இடம் டீச்சர்." இதற்குமட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். என் சின்னச் சித்தப்பா பாம்பு கடித்துத்தான் செத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்கால இரவு, தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். கட்டுவிரியன். கடித்த இடம் வீங்கவில்லை, வலியும் அவ்வளவாக இல்லை. வயிறு வலிக்கிறது என்றார். பச்சிலை கொடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் இமையைத் தூக்க முடியவில்லை அவரால். அதனால் பாம்பென்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு ஏறத்தாழ 58,000 உயிர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சும்மா அறிவிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பாம்பு என்று தெரிய வேண்டும். பெரும்பாலான சாவுக்குக் காரணம் நான்கு: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்தை வைத்துத்தான் விஷமுறிவு மருந்தே தயாராகிறது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் 1978இல் ஆரம்பித்த, வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்பைத் தெரிந்தவன் அதைக் கையில் பிடித்து, நம் உயிரைக் காப்பாற்றி, திரும்பக் காட்டில் விடுகிறான். தெரியாதவன் கழியில் தொங்கவிட்டுச் சிரிக்கிறான். பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமா? இருட்டில் டார்ச் இல்லாமல் விடாதீர்கள். தரையில் படுக்க வைக்காதீர்கள். பயமாக இருந்தால் 101க்குப் போன் செய்யுங்கள், தீயணைப்புத் துறை வந்து பிடித்துக்கொண்டு போகும். கடித்தால் பச்சிலைக்காரரிடம் போகாதீர்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இதில் ஒன்றுக்குக்கூடச் சாரையைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரப்புவது எது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். சாரை இல்லை.

"நீங்க நத்தைய உப்புப் போட்டுக் கொல்லலியா?" கொன்றேன். முதல் வாரம் இரண்டு வாளி. இதைக் கேட்டவர் என் பக்கத்துப் பாத்திக்காரர், பார்த்திருக்கிறார். செம்போத்து வந்தபிறகு விட்டுவிட்டேன் என்று சொல்லலாம், அது பதிலாகாது என்று எனக்கே தெரிகிறது. சரி, கொன்றேன். ஆனால் நத்தையோடு நின்று படம் எடுக்கவில்லை, மக்கள் நிம்மதி என்று எழுதவில்லை. ஒருவேளை இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை.

சம்பவம் நடந்தபோது நான் பென்ஷன் விஷயமாக வங்கியில் இருந்தேன். திரும்பி வந்தபோது குழி தோண்டி, பால் ஊற்றி, ஒரு ரூபாய்க் காசு வைத்து, எரித்தும் விட்டார்கள். நாகதோஷம் வரக்கூடாதல்லவா! சாரைக்கு நாகதோஷம் உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில், அதாவது நாலரையிலிருந்து ஆறுக்குள், அதே ஆட்கள் குடும்பத்தோடு திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகத்துக்கு நின்ற படமும் அதே குழுவில் வந்தது. அதற்கும் கைதட்டல். கல்லில் இருந்தால் பால், பாத்தியில் இருந்தால் கழி. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைக் கொல்வது குற்றம் என்பதாவது இவர்களுக்குத் தெரியுமா? தனக்கெதிரான சாட்சியத்தைத் தானே படமெடுத்து, சிரித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நான் புகார் கொடுக்கப்போவதில்லை. அடித்த பையனுக்கு ஆறாம் வகுப்பில் நான் தமிழ் எடுத்திருக்கிறேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. நலச்சங்கத்துத் தீர்மானம்: பாம்பு வந்ததற்குக் காரணம் "டீச்சர் வளர்க்கும் புதர்". வரும் ஞாயிறு ஜேசிபி. இடத்தை மட்டம் அடித்து சிமெண்டுக் கல் பதிக்கப் போகிறார்களாம், வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய். புதரா? அவரைப் பந்தலும் மணத்தக்காளியும் இரண்டு பூவன் வாழையும் புதரா?

பாம்பு வந்ததற்குக் காரணம் தண்ணீர். தண்ணீர் நின்றதற்குக் காரணம், மனை போட்டபோது கிழக்கு ஓர வடிகாலை மண்ணடித்து ரோடாக்கியது. இந்த நகர் முழுக்க ஒரு காலத்தில் ஆறு மா நஞ்சை. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அங்கே விழுந்த மழைக்கு இறங்கிப் போக வழி இருந்தது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது இனிப்பு கொடுத்தோம். புதிதாக எண்ணெய்க் கிணறு கூடாது என்றது சட்டம். மனை போடக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் அப்படி ஒரு மனையில் வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு உங்களையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டவள்தான். அதனால் இதைப் பற்றி நான் சத்தமாகப் பேச முடியாது. வடிகால் பற்றி மூன்று கூட்டத்தில் கேட்டேன், கூட்டக் குறிப்பேட்டில்கூட ஏறவில்லை. பாம்பு வந்த அன்றைக்கே தீர்மானம். நாலு நாளில் என் சர்க்கரைவள்ளியில் மறுபடி குடைவு தெரிகிறது. அதற்குத் தீர்மானம் எப்போது?

ஐந்நூறு ரூபாய் தரமாட்டேன். அதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

தையல்சிட்டுக் கூட்டில் மூன்று முட்டை. பொரிய பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னொரு இரண்டு வாரம். ஒரு மாதம்கூட வேண்டாம், அதுவரை என் ஒன்றரை சென்ட்டை மட்டும் தொடாதீர்கள் என்று காலையில் குழுவில் கேட்டேன். இதுவரை பதில் என்று வந்தது ஒரு கட்டைவிரல் படம்தான். எனக்கா, ஜேசிபிக்கா என்று தெரியவில்லை.