ஹிமா தாஸ் வென்ற ஐந்து தங்கங்கள்: பரவும் செய்தி பிழையானது

இந்திய வீராங்கனை ஹிமா தாஸ் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில் ஒரே மாதத்தில் ஐந்து தங்கங்கள் வென்றதாக ஒரு செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது உண்மையல்ல.

அந்தச் சம்பியன்ஷிப்பில் அவர் வென்றது ஒரு தங்கமே. 2018 ஜூலை 12 அன்று பின்லாந்தின் தம்பரே நகரில், 400 மீற்றர் இறுதிப் போட்டியில் கடைசி வளைவு வரை பின்தங்கியிருந்து, நேர்பாதையில் எல்லோரையும் முந்தி 51.46 செக்கன்களில் ஓடி முடித்தார். உலக அளவிலான தடகள ஓட்டப்போட்டியொன்றில் இந்தியர் ஒருவர் தங்கம் வென்றது அதுவே முதன்முறை. அந்தப் பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை.

ஐந்து தங்கங்கள் 2019 ஜூலையில் போலந்திலும் செக் குடியரசிலும் நடந்த சிறிய போட்டிகளில் கிடைத்தவை: நான்கு 200 மீற்றரில், ஒன்று 400 மீற்றரில். அவ்வாண்டில் 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சம்பியன்ஷிப் நடைபெறவேயில்லை. உலக மெய்வல்லுநர் சங்கத்தின் இணையத்தளத்தில் அவரது பெயரைத் தேடினால், ஒவ்வொரு ஓட்டமும் இடம், நாள், நேரத்துடன் தெரியும்.

துரையப்பா விளையாட்டரங்கில் பயிற்சி பெறும் எங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். ஆகவே இச்செய்தியை மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இவ்விவரத்தைத் தெரிவியுங்கள்.