பெரியவள் பொறுப்பு, சின்னவன் வாலு

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். யார் வந்து விசாரித்தாலும் நானும் மனைவியும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம்: "பெரியவ ரொம்பப் பொறுப்பு, சின்னவன் சரியான வாலு." எத்தனை வருடமாக இப்படிச் சொல்கிறோமோ, எங்களுக்கே நினைவில்லை.

போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, பெரியவள் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் தொலைத்துவிட்டாள். புத்தகங்கள் படியெல்லாம் பரப்பிக் கிடந்தன. பென்சில் டப்பாவைக்கூடக் கொட்டித் தேடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் போய் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். இரண்டு மணி நேரமாக அதைச் செய்யவில்லை. ஏன்மா என்று கேட்டேன்.

"நான் பொறுப்பான பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களேப்பா."

பத்து வயதுப் பிள்ளை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட பேர் ஒட்டிக்கொண்டால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும் என்று தெரியும். நல்ல பேரும் அதையே செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அதிலிருந்து பேச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். 'பொய் சொன்னான்' என்றால் அது அந்த ஒருநாளோடு போகிறது. 'பொய்யன்' என்றால் ஆயுசுக்கும் கூடவே வருகிறது. திருடினான், திருடன். வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்க அரை நொடி போதும். அப்புறம் அவன் உண்மையைச் சொன்னாலும் நம் காதில் ஏறாது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒருவருடைய குணங்கள் என்று ஏழு சொற்களை ஒரு குழுவுக்கு வாசித்துக் காட்டினார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, கனிவானவர் என்று போகும் பட்டியல். இன்னொரு குழுவுக்கும் அதே பட்டியல்தான். 'கனிவானவர்' இருந்த இடத்தில் மட்டும் 'ஒட்டுதல் இல்லாதவர்'. முதல் குழுவில் பெரும்பாலோர் அந்த ஆள் தாராள மனசுக்காரர் என்றார்கள். இரண்டாவது குழுவில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். இத்தனைக்கும் அப்படி ஓர் ஆளே கிடையாது.

பொருள்களுக்கும் இதேதான். ஆழ்கடலில் வாழும் படகோனியன் டூத்ஃபிஷ் என்ற மீனுக்கு 1977இல் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் 'சிலியன் சீ பாஸ்' என்று பேர் வைத்தார். உண்மையில் அது பாஸ் வகை மீனே இல்லை. பேர் மாறிய பிறகு பெரிய உணவகங்களின் தட்டுக்குப் போய்விட்டது. 1990களில் அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்துத் தள்ளினார்கள்.

கருத்துகளும் தப்பவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றிய கோட்பாட்டுக்கு 'பிக் பேங்' என்ற பேரை 1949இல் பிபிசி வானொலியில் சொன்னவர் ஃபிரெட் ஹாய்ல் என்ற வானியலாளர். அந்தக் கோட்பாட்டை ஏற்காதவர். நாமும் 'பெருவெடிப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எங்கோ ஓர் இடத்தில் குண்டு வெடித்த மாதிரி ஒரு படம் மனதில் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கோட்பாடு சொல்வதோ, விண்வெளி முழுவதுமே விரிகிறது என்பதை.

பேரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துப் புட்டியில் சீட்டு இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தச் சீட்டில் காலாவதித் தேதி இருக்கிறது. மனிதர்கள் மேல் நாம் ஒட்டுவதில் அது இல்லை. பள்ளியில் என்றைக்கோ 'மக்கு' என்று பேர் வாங்கியவர்கள், நாற்பது வயதிலும் ஒரு படிவத்தை நிரப்பக் கை நடுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வீட்டில் ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். பிள்ளை எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், அந்த வாரம் அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்கிறோம். கஷ்டமாகத்தான் இருக்கிறது. பழைய வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது.

நேற்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்ததால் சந்தேகப்பட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். அக்காவின் பையில் அறுந்துபோன வாரை மடியில் வைத்துக்கொண்டு சின்னவன் தைத்துக்கொண்டிருந்தான். நூலை எச்சில் தொட்டுக் கோக்கிறான், நழுவுகிறது, மறுபடி கோக்கிறான். நான் வாசலில் நின்றதை அவன் பார்க்கவே இல்லை.