11,000 கிலோமீட்டராம்

நிலாவெளிப் பக்கம் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். 12 வருடப் பழசு. மீட்டரில் 11,000 கிலோமீட்டர். "ஒரு டீச்சர் பாவிச்சது தம்பி, பள்ளிக்கூடம் விட்டா வீடு" என்றார் விற்க வந்தவர். இந்த டீச்சர் எல்லா ஊரிலும் இருக்கிறார், எத்தனை பைக்தான் வைத்திருந்தாரோ!

கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோமீட்டர். நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு ஒரு தடவை வந்து போனாலே கிட்டத்தட்ட 30 வரும். அப்படியென்றால் டீச்சர் பாதி வழியில் பைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாரா?

கால் மிதிக்கும் ரப்பர் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது. செயின் சில்லின் பற்கள் சுறாப்பல்போலக் கூராகிவிட்டன. சீட் கவர் மட்டும் புத்தம்புதுசு. மீட்டர் கூட்டின் ஆணித்தலையில் ஸ்குரூட்ரைவர் கீறல். கடல் உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும், சரி. ரப்பரையுமா தேய்க்கும்?

பழைய மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூச்சியம். அந்த 11,000-க்கு முன்னால் ஒரு லட்சம் ஒளிந்திருக்கலாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓடினால் இலக்கம் அசையவே அசையாது.

2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய பைக்குக்கு வந்த ராசி இன்னும் குறையவில்லை போல. விலையைக் கேட்டதும் எனக்குத்தான் மீட்டர் சுற்றியது.

"டீச்சரோட ஒருக்கா கதைக்கலாமா அண்ணே?" என்றேன்.

"அவ கனடா போயிட்டா."